லேப்டாப்புக்கு ஒரு பெர்மிட்

புதிதாகச் சேர்ந்த உங்கள் ஐந்து பேரையும் பார்க்க, போன வாரம் நம் லேப்டாப் ரிப்பேர் கடைக்கு வந்திருந்தேன். கிளம்பும்போது முதலாளி, "புள்ளைங்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதிக் குடுங்க" என்றார். நல்ல வார்த்தை என்னிடம் அவ்வளவாகக் கிடையாது. நான் செய்த கூத்துகள் மட்டும் மூட்டை கட்டும் அளவுக்கு இருக்கின்றன. அதில் ஒன்றை அவிழ்க்கிறேன். ஸ்க்ரூ கழற்றுவது, சிஸ்டம் ஏற்றுவது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும், அதனால் அந்தப் பாடம் எதுவும் இதில் இல்லை.

இரண்டாயிரத்துப் பதினைந்து, பதினாறு வாக்கில் எல்லா லேப்டாப்பிலும் ஓரமாக ஒரு செய்தி எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். புது ஆபரேட்டிங் சிஸ்டம் வந்திருக்கிறது, இலவசம், ஏற்றிக்கொள்கிறீர்களா என்று. இலவசம் என்றால் நம் ஊரில் யார் வேண்டாம் என்பார்கள்? ஏற்றினார்கள். ஏற்றியதில் பாதிக்கு மேல் நன்றாகவே ஓடின. ஓடாதவை எல்லாம் நம் கடைக்கு வந்தன. காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே படியில் இரண்டு பேர் லேப்டாப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அந்தச் சீசனில் என் கைக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. வந்தவரிடம், "உங்க ஃபைல் எல்லாம் எங்க வச்சிருக்கீங்க? சி-யா, டி-யா?" என்று கேட்பேன். டி டிரைவ் என்றால் சி-யை மட்டும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றிக் கொடுத்துவிடுவேன். ஒரு மணி நேர வேலை. வேகமான ஆள் என்று எனக்குப் பெயர் வந்தது. அந்தப் பெயர் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். கறிக்குழம்பு ஊற்றிச் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் தமிழரசி போன் செய்தாள். தமிழரசி கல்யாண வீடுகளுக்குப் போட்டோ எடுப்பவள். பிறந்த ஊர் குறிஞ்சிப்பாடி. இங்கே மைன்ஸில், நிலக்கரிச் சுரங்கத்தில், வேலை பார்க்கும் பையனைக் கட்டிக்கொண்டு டவுன்ஷிப் குவார்ட்டர்ஸுக்கு வந்தவள். பெண் போட்டோகிராபர் என்றால் அப்போது இந்தப் பக்கத்தில் ஒரு சிரிப்புத்தான். காதுகுத்துக்கும் வளைகாப்புக்கும் கூப்பிடுவார்கள், கல்யாணத்துக்கு ஆம்பளை ஆள்தான் வேண்டும் என்பார்கள். அவளுக்கு முதல்முதலாக ஒரு முழுக் கல்யாணம், நிச்சயம் முதல் மறுவீடு வரைக்கும், கிடைத்திருந்தது.

"அண்ணா, லேப்டாப் செத்துப்போச்சுண்ணா" என்றாள். "அப்கிரேடு போட்டுட்டுக் கடைக்குப் போனேன், வந்து பாத்தா ஒண்ணுமே வரல. அந்தக் கல்யாணப் படம் பூரா அதுலதான் இருக்குது. நாலு மணிக்குப் பொண்ணு வூட்டுக்காரங்க வர்றாங்க."

"கேமரா கார்டுல இருக்குமில்ல?"

"நேத்து ஒரு காதுகுத்துண்ணா. ரெண்டு கார்டையும் அழிச்சுட்டுத்தான் எடுத்துக்கினு போனேன்."

விஷயம் இதுதான். கல்யாணப் பெண்ணும் மாப்பிள்ளையும் அன்று இரவு மஸ்கட்டுக்கு விமானம் ஏறுகிறார்கள். போகிற வழியில் வந்து ஆல்பத்துக்கு வேண்டிய படங்களைக் குறித்துக் கொடுத்து, எல்லாவற்றுக்கும் ஒரு காப்பி வாங்கிக்கொண்டு போவதாக ஏற்பாடு. படம் இல்லை என்றால் அந்தக் கல்யாணத்துக்குப் படமே இல்லை. தாலி கட்டும்போது எடுத்ததை மறுபடி போய் எடுக்க முடியுமா? அப்புறம் தமிழரசியை இந்த வட்டாரத்தில் எவரும் கேமராவோடு மண்டபத்துக்குள் விடமாட்டார்கள். சோற்றை மூடி வைத்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. கூடத்து மேஜையில் லேப்டாப் மூடிக் கிடந்தது. அதன்மேல் ஒரு ஸ்வீட் பாக்ஸ் அட்டை நூலில் கட்டித் தொங்கியது. சிவப்பு மையில், "ஆள் வேலை செய்கிறார், ஸ்விட்ச் போடாதே" என்று எழுதி, கீழே கையெழுத்து, தேதி, நேரம் எல்லாம் இருந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அது அவளுடைய மாமனார் வேலை. தெர்மல் பவர் ஸ்டேஷனில் ஆபரேட்டராகச் சேர்ந்து, ஷிஃப்ட் இன்சார்ஜ் ஆகி ரிடையர் ஆனவர். மகன் பெயரில் இருந்த அந்தக் குவார்ட்டர்ஸில்தான் இருந்தார். அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் யாரிடம் அனுமதி வாங்கினாய் என்று கேட்கக்கூடிய மனிதர்.

"எப்படிம்மா ஆச்சு?" என்று தமிழரசியிடம் கேட்டேன்.

"தானா ஆஃப் ஆயிடுச்சுண்ணா. நான் வரும்போதே அப்படித்தான் இருந்துச்சு."

"படமெல்லாம் எதுல வச்சிருக்க?"

"டி-லண்ணா. எப்பவுமே டி-லதான் போடுவேன்."

அவ்வளவுதான், என் கைக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. தமிழரசி பெண் வீட்டுக்காரர்களுக்குப் போன் செய்து ஐந்து மணி ஆக்கமுடியுமா என்று கேட்க வாசலுக்குப் போனாள். நான் அட்டையைப் பிய்த்து ஓரமாகப் போட்டேன். பென் டிரைவைச் செருகினேன். புது சிஸ்டம் ஏற்றும் திரை வந்தது. சி, டி இரண்டும் வரிசையாகத் தெரிந்தன. சி-யைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். அழிக்கவா என்று கேட்டது. விரல் பட்டன்மேல் இருந்தது.

"அந்த அட்டை டேகைக் கழட்டனது யாரு?"

பின்னால் மாமனார் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு நீள நோட்டு, காதில் பேனா.

"நான்தாண்ணே. வேலை செய்யணுமில்ல."

"டேகைப் போட்டது நான். போட்டவன்தான் எடுக்கணும். தெர்மல்ல வேற ஒருத்தன் போட்ட டேகை எடுத்தா அன்னிக்கே மெமோ, தெரியுமா? கையை எடு தம்பி. பெர்மிட் எழுதிட்டு அப்புறம் பண்ணு."

பெர்மிட் என்றால் என்னவென்று உங்களில் மைன்ஸ், தெர்மல் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பம்பையோ பேனலையோ திறக்கிறவன் இஷ்டத்துக்குத் திறக்க முடியாது. என்ன செய்யப் போகிறேன், எதை அடைத்து வைத்திருக்கிறது, அடைத்ததை யார் பார்த்தது என்று தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் ஸ்பேனரைத் தொடவேண்டும். மாமனார் முப்பது வருஷம் அதிலேயே ஊறியவர். வீட்டு மிக்ஸியைத் திறந்தாலும் நோட்டில் எழுதுவார் என்று தமிழரசி முன்பே சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

எனக்கு எரிச்சல் என்றால் எரிச்சல். வயிற்றில் பசி, மணி இரண்டரை, இவர் இங்கே பவர் ஸ்டேஷன் நடத்திக்கொண்டிருக்கிறார். "அண்ணே, இது லேப்டாப். இதுக்கெல்லாம் பெர்மிட் கேட்டா நாலு மணிக்குள்ள முடியாது" என்றேன்.

"அவசரத்துலதான் ஆளு சாவான். ரெண்டு நிமிஷம். என்னா வேலை, சொல்லு."

வேறு வழியில்லாமல் சொன்னேன். அவர் நிதானமாக எழுதினார். சி-யை அழித்துப் புது சிஸ்டம் ஏற்றுதல்.

"இதைப் பண்ணா என்னா என்னா போவும்?"

"சி-ல இருக்கிறது பூரா போவும். படம் டி-ல இருக்கு, அதுக்கு ஒண்ணும் ஆகாது."

"டி-ல இருக்குதுன்னு யாரு பாத்தது?"

"உங்க மருமவதான் சொல்லுச்சு."

பேனாவை நோட்டின்மேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபமே இல்லாத முகம். "லைன்ல கரண்ட் இல்லன்னு ஒருத்தன் வந்து சொன்னா நீ கையை வைப்பியா? டெஸ்டர வச்சுப் பாத்துட்டுத்தானே வைப்ப? நீ பாத்தியா?"

நான் பார்க்கவில்லை. அந்தச் சீசன் முழுக்க வந்த லேப்டாப்புகளில் ஒன்றில்கூடப் பார்த்ததில்லை. வீம்புக்குத்தான், இவர் வாயை அடைத்துவிட்டு வேலையைப் பார்ப்போம் என்றுதான், பென் டிரைவைப் பிடுங்கினேன். லேப்டாப்பைக் கவிழ்த்து ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, என் பையிலிருந்த யூ.எஸ்.பி. டப்பாவில் போட்டு, என் சொந்த லேப்டாப்பில் செருகினேன். டிஸ்க் நல்லபடியாகவே வந்தது. டி-யைத் திறந்தேன்.

பழைய காதுகுத்து ஒன்று இருந்தது. வளைகாப்பு மூன்று இருந்தது. ஊர்ப்பட்ட பாஸ்போர்ட் சைஸ் படங்கள் இருந்தன. கல்யாணம் இல்லை.

போன் பேசிவிட்டு உள்ளே வந்த தமிழரசி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "இங்கதாண்ணா போட்டேன். இங்கதான்" என்றாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தாள். நான் பயந்துபோனேன். அவளுக்காக மட்டும் இல்லை, கொஞ்ச நேரத்துக்கு முன் என் விரல் எங்கே இருந்தது என்பது எனக்குத்தானே தெரியும்.

இந்த மாதிரி நேரத்தில் கை பரபரவென்று எதையாவது செய்யப் பார்க்கும். விடாதீர்கள். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு அவளிடம் பேச்சுக் கொடுத்தேன். "கல்யாணம் முடிஞ்சு வூட்டுக்கு வந்த, சரி. கார்டைச் சொருகின. அப்புறம் என்ன பண்ண?"

"டி-ல போட்டேன்."

"போடும்போது ஏதாச்சும் சொல்லுச்சா?"

தலைப்பை விரலிலிருந்து விட்டாள். "இடம் பத்தலன்னு ஏதோ வந்துச்சுண்ணா. தூக்கம் கண்ணைச் சொருகுது. சரி, இப்போதைக்கு எங்கனா கிடக்கட்டும், காலைல மாத்திக்கலாம்னு..." நிறுத்திவிட்டு எழுந்து நின்றாள். "டெஸ்க்டாப்புலண்ணா. டெஸ்க்டாப்புல போட்டேன்."

டெஸ்க்டாப் என்றால் சி. திறந்தோம். 'நியூ ஃபோல்டர் 3' என்று ஒன்று இருந்தது. உலகத்தில் யாருக்கும் எது முக்கியமோ அது இந்தப் பெயரில்தான் இருக்கும், இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நிச்சயதார்த்தம், நலங்கு, முகூர்த்தம், மறுவீடு எல்லாம் வரிசையாகப் படுத்திருந்தன. தமிழரசி கையெடுத்துக் கும்பிட்டாள், என்னையா லேப்டாப்பையா என்று தெரியவில்லை. படங்களை என் லேப்டாப்புக்குக் காப்பி பண்ண விட்டேன். இன்னும் நாற்பது நிமிஷம் என்று காட்டியது.

மாமனார் இது எதையும் கண்டுகொள்ளவில்லை. நோட்டில் அடுத்த கட்டத்துக்கு வந்திருந்தார். "பழுது வந்த விதம்" என்று தலைப்பைச் சத்தமாகப் படித்தார்.

"தானா ஆஃப் ஆயிடுச்சுன்னு எழுதுங்க மாமா" என்றாள் தமிழரசி. குரலில் சிரிப்பு திரும்பியிருந்தது. "இந்த அப்கிரேடே சரியில்ல."

அவர் எழுதவில்லை. பேனா மூடியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். பிறகு குனிந்து இரண்டு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, நோட்டை அவள் பக்கம் நகர்த்தினார். நானும் எட்டிப் பார்த்தேன். "பதினொன்று இருபதுக்கு மெஷின் அதிக சூடு, அதிக சத்தம். நான் பிளக்கைப் பிடுங்கினேன்."

தமிழரசி அதை இரண்டு முறை படித்தாள்.

"எழுபத்தஞ்சு பர்சென்ட்ல ஒரு மணி நேரமா நின்னுக்கினு இருந்துச்சும்மா" என்றார். "உள்ள ஃபேன் கத்துது. தொட்டா கொதிக்குது. தெர்மல்ல ஒரு மோட்டார் இப்படி ஓடுச்சுன்னா பாத்துக்கினு நிக்கமாட்டோம், ட்ரிப் பண்ணி நிறுத்திடுவோம். கை பழகிப்போச்சு, பிடுங்கிட்டேன். அப்புறம்தான் சந்தேகம் வந்து டேகைப் போட்டேன், வேற எவனும் தொடக்கூடாதுன்னு."

"ஏன் மாமா அப்பவே சொல்லல?"

"நீ வந்ததும் அழ ஆரம்பிச்சுட்ட. அப்புறம் சொல்லிக்கலாம்னு விட்டேன். இப்பவும் எழுதலன்னா அப்புறம் சொல்லவே மாட்டேன்னு தோணுச்சு."

மருமகளுக்கு முன்னால் உட்கார்ந்து அந்த வயசில் ஒருவர் அப்படி எழுதிக் கொடுத்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நம்மிடம் வருகிறவர்கள் அத்தனை பேரும், "நான் ஒண்ணுமே பண்ணலிங்க" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நாம் திட்டுவோம் என்ற பயம். நான் திட்டவும் செய்திருக்கிறேன். நீங்கள் திட்டாதீர்கள். என்ன செய்தார்கள் என்று தெரிந்தால் நமக்கு வேலை பாதியாகும்.

தமிழரசிக்குத் திடீரென்று ஒரு சந்தேகம் வந்தது. "பிளக்கைப் பிடுங்கனா என்னாண்ணா? லேப்டாப்னா பேட்டரில ஓடணுமில்ல?"

இப்போது என் முறை. தெர்மல் பக்கத்திலேயே இருப்பதால் டவுன்ஷிப்பில் கரண்ட் போகாது. பண்ருட்டியிலும் குறிஞ்சிப்பாடியிலும் மணிக்கணக்கில் இருட்டாகக் கிடந்த வருஷங்களில்கூட இங்கே ட்யூப்லைட் கண் சிமிட்டியதில்லை. கரண்ட்டே போகாத ஊரில் பேட்டரி எதற்கு, எந்நேரமும் செருகி வைத்தால் சீக்கிரம் கெட்டுப்போகும், கழற்றிப் பீரோவில் வையுங்கள் என்று எங்கள் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்த மகான் நான்தான். தமிழரசியின் பேட்டரி அவள் பட்டுப்புடவைக்கு அடியில் பத்திரமாக இருந்தது.

சொன்னேன். சொல்லித்தானே ஆகவேண்டும்? அவர் எழுதிய வரிக்குக் கீழே, "பேட்டரியைக் கழற்றச் சொன்னது நான்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

தமிழரசி எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "நல்லா இருக்குது. ஒருத்தர் பேட்டரிய உருவிட்டீங்க, ஒருத்தர் பிளக்க உருவிட்டீங்க. ரெண்டு பேரும் சேந்து என் பொழப்ப உருவப் பாத்தீங்க" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். மாமனாரும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

பெண் வீட்டுக்காரர்கள் நாலரைக்கு வந்தார்கள், கூடவே மாப்பிள்ளையின் அம்மாவும். பெண்ணும் மாப்பிள்ளையும் என் லேப்டாப் முன்னால் உட்கார, தமிழரசி ஒவ்வொன்றாகக் காட்டினாள். பாதியில் ஒரு படத்தில் அந்தப் பெண் "நிறுத்துங்கக்கா" என்றது. முகூர்த்தம் முடிந்த பரபரப்பில் எல்லோரும் மேடையில் முட்டி மோதிக்கொண்டிருக்க, பெண்ணின் அப்பா பட்டு வேட்டியோடு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். மடியில் மகளின் கைப்பை. மைன்ஸ்காரர், முதல் நாள் வரைக்கும் நைட் ஷிஃப்ட் பார்த்தவர். வேறு போட்டோகிராபர் யாரும் அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பியிருக்கமாட்டார்கள்.

அந்தப் பெண் வாசலில் நின்றிருந்த அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டியது. அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "தூங்கலம்மா, கண்ணை மூடிக்கினு இருந்தேன்" என்றார். வீடே சிரித்தது. பெண் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதைத்தாங்க்கா பெருசா போடணும். முதல் பக்கத்துல" என்றது. கிளம்பும்போது மாப்பிள்ளையின் அம்மா தமிழரசியைத் தனியாக அழைத்து, ஆவணியில் அவர்கள் வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம், நெல்லிக்குப்பத்தில், நீதான் வரவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர்களை வழியனுப்ப தமிழரசி தெரு வரைக்கும் போனாள். நான் பையைக் கட்டினேன். மாமனார் நோட்டை நீட்டினார். வேலை முடிந்தது, பெர்மிட்டை மூடவேண்டும், கையெழுத்து. போட்டேன்.

நோட்டை வாங்கிக்கொண்டு தணிந்த குரலில் சொன்னார். "மதியம் நான் வரும்போது அந்தத் திரையில என்னா எழுதியிருந்துச்சுன்னு படிச்சேன் தம்பி. எனக்கு அவ்ளோ இங்கிலீஷ் வரும்."

நான் பையின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டிருந்தேன்.

"பாக்காமலே அழிக்கப் போனது, உன் விரல் பட்டன்மேல இருந்தது, அதை நோட்டுல எழுதல. அவ பாத்தா உன்னைத் திரும்பக் கூப்பிடமாட்டா. எழுதறதா வேணாமான்னு நீயே பாத்துக்க."

அன்று நான் எழுதவில்லை. பேட்டரி விஷயம் சொல்வதற்குச் சுலபமாக இருந்தது, சொன்னேன். இது சுலபமாக இல்லை. தமிழரசி இப்போது இந்த வட்டாரத்தில் பெரிய ஆள், நான்கு கேமரா வைத்திருக்கிறாள். எங்கே பார்த்தாலும், "இந்த அண்ணன்தான் என் படத்தைக் காப்பாத்துனவரு" என்று நாலு பேருக்கு நடுவில் சொல்வாள். நானும் தலையை ஆட்டிக்கொண்டு நிற்பேன். காப்பாற்றியவர் அவள் வீட்டிலேயே இருக்கிறார், அழிக்க இருந்தவன் நான். விரலுக்கும் பட்டனுக்கும் நடுவே ஒரு கேள்விதான் இருந்தது, அதுவும் நான் கேட்டதல்ல. முதலாளி இதைக் கடைச் சுவரில் ஒட்டப்போவதாகச் சொன்னார். தமிழரசி மாதம் ஒருமுறையாவது கடைக்கு வருவாள். படிக்கட்டும்.